பாயா, பால்கனியா: கூத்து, நாடகம், மியூசிக்கல் மூன்றையும் எங்கே உட்கார்ந்து பார்ப்பது?

போன மாசியில் ஒரே வாரத்தில் இரண்டு அழைப்பு வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் போனில் கூப்பிட்டாள். “மாமா, இங்கே ஒரு மியூசிக்கல் வருது. உங்களுக்கும் சேர்த்துப் போட்டுடவா? ரெண்டாயிரம் ரூபா டிக்கெட்டும் இருக்கு, எண்ணூறு ரூபா டிக்கெட்டும் இருக்கு. எதை எடுக்கட்டும்?” இரண்டு நாள் கழித்து ஜலகண்டாபுரம் பக்கத்திலிருந்து அப்பாவின் பழைய கூட்டாளி வீட்டுக்கு வந்தார். கோயில் நோம்பிக்குக் கூத்து வைத்திருக்கிறார்களாம், கர்ண மோட்சம். “ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கிட்டு வந்திருங்க தம்பி, விடியக்காலம் பனி தாங்காது” என்றார். டிக்கெட் பேச்சே இல்லை.

மியூசிக்கல் என்றால் அரங்கத்துக்குள் நடக்கும் மேல்நாட்டுப் பாணிப் பாட்டு நாடகம். இரண்டுக்கும் போனேன். அடுத்த மாதம் மாமனார் ஊர்ப் பக்கம், திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற வழியில், வள்ளி திருமணம் நாடகமும் ஒன்று வாய்த்தது. பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் மேடைகள் மூன்றை ஒரே பருவத்தில் பார்த்தாயிற்று. எது உயர்ந்த கலை என்ற வழக்குக்குள் நான் போகப்போவதில்லை. பார்க்கப் போகிறவன் பக்கத்திலிருந்து மட்டும் பேசுகிறேன்: காசு எவ்வளவு, எங்கே உட்கார வேண்டும், என்ன கேட்கும், என்ன தெரியும்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். இப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துப் பிழைக்கிறேன். ஆனால் அப்பா மைக் செட் வைத்திருந்தவர். பள்ளிக்கூட நாட்களில் வயர் இழுப்பதும், குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் ஏற்றிக் கட்டுவதும் என் வேலை. அதனால் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் என் கண் முதலில் மேடைக்குப் போகாது. ஸ்பீக்கரை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்றுதான் தேடும். கீழே எழுதியிருப்பதில் அந்தக் கோணல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசு யாருடையது

கூத்து இலவசம் என்று ஊர்க்காரர் யாரும் சொல்லமாட்டார். வெளியூர்க்காரர்கள்தான் சொல்வார்கள். ஊரில் தலைக்கட்டு வரி உண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, நோம்பிச் செலவோடு கூத்துச் செலவையும் சேர்த்து வசூலித்துவிடுவார்கள். மைக் செட், லைட்டு, கூத்துக்காரர்களுக்குக் கூலி, அவர்களுடைய ராத்திரிச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவரும் கொடுத்தாக வேண்டும். பாயைச் சுருட்டிக்கொண்டு போகிற என்னைப் போன்ற ஆள் ஊராருடைய டிக்கெட்டில் பார்க்கிறான். கருமாதிக்கு வைக்கிற கூத்தென்றால் செலவு முழுக்க அந்த வீட்டாருடையது. கர்ண மோட்சம் அதிகமாக ஆடப்படுவதே அப்படிப்பட்ட வீடுகளில்தான். அங்கே போனால் முன்வரிசையில் இடம் தேடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்காருங்கள்.

அப்புறம் அன்பளிப்பு. யாராவது நூறு ரூபாயை நீட்டினால், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் வாங்கிக்கொண்டு, கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், பார்க்கிற தொழில் எல்லாவற்றையும் மைக்கில் சொல்லி வாழ்த்துவான். கர்ணன் மனைவி பொன்னுருவி அழுதுகொண்டிருக்கும் நேரத்திலும் இது நடக்கும். முதல்முறை பார்க்கிறவருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஒரு தடவை நானே நூறு ரூபாய் கொடுத்து, என் பெயரோடு அப்பா பெயரையும் அந்த ஸ்பீக்கரில் கேட்ட பிறகு இல்லை.

நாடகத்திலும் செலவு ஊருடையதுதான். ஆனால் அங்கே நோட்டீஸ் என்று ஒன்று உண்டு. டிக்கெட்டுக்குச் சமமானது அதுதான். ஸ்பெஷல் நாடகம் என்று சொல்வதற்குக் காரணமே, நடிகர்கள் ஒரு கம்பெனியைச் சேர்ந்தவர்கள் இல்லை என்பதுதான். ராஜபார்ட் என்கிற நாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்கிற நாயகி ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். தனித்தனியாகத் தேதி வாங்கிக் கூப்பிடுவார்கள். ஒத்திகை கிடையாது, மேடைக்குப் பின்னால்தான் அன்றைக்குச் சந்தித்துக்கொள்வார்கள். பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடுகிறது. ஆக, நோட்டீஸில் யார் யார் போட்டோ இருக்கிறது என்று பார்த்துத்தான் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். என் மாமனார் நோட்டீஸை வாங்கினால் முதலில் ஆர்மோனியம் யார் என்று பார்ப்பார். மீதியை அப்புறம்தான் படிப்பார்.

இதே நாடகம் ஒரு காலத்தில் டிக்கெட் போட்டு நடந்ததுதான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துக் கம்பெனிகள் கொட்டகை போட்டு, தரை, பெஞ்சு, நாற்காலி என்று பிரித்து விற்றன. தரை டிக்கெட்டில் கடைசியில் உட்கார்ந்தவருக்கும் மைக் இல்லாமல் குரல் போய்ச் சேர வேண்டும். பாடகரும் நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயர் இன்றும் நிற்பதற்கு அந்தத் தொண்டையும் ஒரு காரணம். 1933-இல் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிறகு சினிமா வந்தது. நம் ஏற்காடு அடிவாரச் சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ வளைவு இன்னும் நிற்கிறதே, அதற்குள் நுழைந்த நாடகக்காரர்கள் எத்தனை பேரோ. கொட்டகை போனது, தரை–பெஞ்சு–நாற்காலி மட்டும் டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாவது, மண்டபத்து மியூசிக்கல். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் செலவையும் டிக்கெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர், சென்னை அதைவிட நூற்றைம்பது கிலோமீட்டர் போலக் கூட. வெளிநாட்டுக் குழுக்களின் பெரிய ஆட்டமென்றால் மும்பைதான். 2023 மே மாதம் அங்கே நீதா முகேஷ் அம்பானி கலாசார மையத்தின் 2,000 இருக்கை அரங்கில் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ வந்தபோது மச்சான் வீட்டில் தங்கிப் பார்த்தேன். மும்பை போகும் குர்லா எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகத்தான் போகிறது. ஒரு நாளுக்கும் மேல் ரயிலில். அந்த ரயில் டிக்கெட்டைவிட அரங்க டிக்கெட் விலை அதிகம். இதற்குத் தலைக்கட்டு வரி இல்லை, உட்காருகிறவர்தான் முழுக் காசும் கொடுக்க வேண்டும். டிக்கெட் விலைக்கு மேல் கட்டணம், வரி என்று கடைசிப் பக்கத்தில் ஏறுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொழில்முறையில் எனக்கு அந்தக் கடைசிப் பக்கம்தான் முதலில் கண்ணில் படும்.

லண்டன், நியூயார்க் போகிறவர்களுக்கு ஒரு வசதி. அன்றன்றைக்கு மீந்த டிக்கெட்டைக் குறைந்த விலைக்கு விற்கும் கடை நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் இருக்கிறது, லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் 1980 முதல். சாயங்காலம் உழவர் சந்தையில் தக்காளி விலை இறங்குகிற மாதிரிதான். நம் ஊர்களில் அப்படி ஒரு கடை இல்லை. மீந்தால் காலியாகவே கிடக்கும்.

உட்காரும் இடம்

முதலில் கூத்து, ஏனென்றால் அங்கேதான் அதிகம் தப்பு நடக்கும். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதால் எல்லோரும் தப்பான இடத்தில் உட்காருகிறார்கள்.

களத்தின் பின்பக்கம் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல், பின்பாட்டுக்காரர்கள். பெஞ்சுக்குப் பின்னால் வேஷம் கட்டும் கொட்டகை. மற்ற மூன்று பக்கமும் சனம். களத்துக்கு மேலே குறுக்காகக் கயிறு கட்டி, அதிலிருந்து இரண்டு மூன்று மைக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஆடுகிறவர் கிறுகிறுவென்று சுற்றி வந்து வசனத்துக்குச் சரியாக மைக்கின் கீழே நிற்பார். நல்ல ஆட்டக்காரருக்கு மைக்கைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கால் கணக்கு அது.

நான் போன அன்று எட்டரை மணிக்கே போய், நேர் எதிரே முன்வரிசையில் பாயை விரித்தேன். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, ஊருக்குப் புதுசுங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “இங்க உக்காந்தா புழுதி மூஞ்சிலயே அடிக்கும். அப்படி ஆர்மோனியத்துப் பக்கமா, பொம்பளைங்க உக்காந்திருக்கிறதுக்கு இந்தப்புறம் போயிருங்க. திரை வரும்போது பாருங்க” என்றார். எழுந்து போனேன்.

அவர் சொன்னதன் பொருள் பதினொன்றரைக்குப் புரிந்தது. பெரிய வேஷம் களத்துக்கு வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதற்குப் பின்னால் நின்று வேஷக்காரர் விருத்தம் பாடுவார். எதிரே இருப்பவர்களுக்குத் துணிக்குக் கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும், மேலே கிரீடத்தின் நுனி ஆடும். எப்போது துணி விலகும் என்ற தவிப்பு அவர்களுக்கு. பக்கவாட்டில் இருந்த எனக்குத் துணிக்குப் பின்னாலும் தெரிந்தது. கர்ணன் புஜத்தில் கட்டியிருந்த கட்டையின் கயிறு இறுகிவிட்டது போல. பாடிக்கொண்டே இடது கைவிரலை விட்டுத் தளர்த்தினார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஆர்மோனியக்காரரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், சுருதி அரைக்கட்டை ஏறியது. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிச் சாயத்தில் கோடு போட்டது. அந்தக் கோட்டைப் பின்பாட்டுக்காரர் ஒருவர் துண்டு நுனியால் ஒற்றி எடுத்தார். சட்டென்று துணி விலகியது. எதிர்ப்பக்கம் ஆரவாரம். அங்கே கர்ணன் வந்தான். எனக்கு அவன் வருவதற்கு முந்தைய ஐந்து நிமிடம் கிடைத்தது. எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம். முதல்முறை என்றால் எதிரே உட்காருங்கள், புழுதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை பக்கவாட்டுக்கு வாருங்கள்.

ஸ்பீக்கர் சங்கதி: மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் உங்களுக்கில்லை. அது பக்கத்து ஊருக்குச் செய்தி சொல்ல. களத்தோரம் நிற்கும் பாக்ஸ் ஸ்பீக்கர்தான் உட்கார்ந்திருப்பவருக்கு. ஆனால் அதன் வாயில் உட்கார்ந்தால் நடுச்சாமத்துக்குள் காது அடைத்துப்போகும். இரண்டு பாக்ஸுக்கும் நடுவில், பெஞ்சுக்குப் பத்துப் பதினைந்து அடிக்குள் உட்கார்ந்தால் முகவீணையின் நேர்ச்சத்தமே கேட்கும். ஸ்பீக்கர் வழியாக வரும்போது முகவீணை கீச்சென்றுதான் இருக்கும். நேராகக் கேட்டால் அதன் இனிமையே வேறு. அப்பா இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். அவர் ஸ்பீக்கர் கட்டியவர் அல்லவா.

இன்னொன்று, கூத்தில் உங்கள் இடம் ராத்திரி முழுக்க ஒரே இடமல்ல. பத்து மணிக்குக் கால் வைக்க இடம் இருக்காது. முன்னால் தரையில் குழந்தைகள், அடுத்து பாயில் பெரியவர்கள், பின்னால் கயிற்றுக் கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கும் பின்னால் நிற்பவர்கள், கடைசியில் டிராக்டர் டிரெய்லர் மேல் இளவட்டங்கள். என்ஜினியர் யாரும் கணக்குப் போடாமலே தானாக அமைந்த கேலரி. ஒரு மணிக்கெல்லாம் குழந்தைகள் மடக்கிப்போட்ட மாதிரி தூங்கிவிடும், அவர்களைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் கிளம்புவார்கள். மூன்று மணிக்கு முன்வரிசை உங்களுடையது. கதையின் உச்சமும் அப்போதுதான் தொடங்கும்: களத்தில் அடிபட்ட கர்ணனிடம் கண்ணன் பிராமணனாக வந்து புண்ணியத்தைத் தானம் கேட்பது. காத்திருந்தவர்களுக்குத்தான் நல்ல இடம். காசு கொடுத்து அதை முன்கூட்டியே வாங்க முடியாது.

மண்டபத்தில் நேர்மாறு. டிக்கெட் போட்ட நிமிடத்திலேயே உங்கள் ராத்திரி முடிவாகிவிடுகிறது. தப்பான சீட் என்றால் மூன்று மணி நேரமும் தப்புதான். எனக்கு ஒரு தடவை நடந்தது. ஊர் வேண்டாம், அரங்கத்தின் பெயரும் வேண்டாம். கீழ்த்தளத்தில் கடைசி மூன்றாவது வரிசை, விலை அதிகமான பகுதியில் மலிவான மூலை என்று சந்தோஷமாக எடுத்தேன். போய் உட்கார்ந்தால் தலைக்கு மேலே பால்கனியின் அடிப்பாகம் கூரை மாதிரி கவிந்திருந்தது. மேடையின் மேல்பாதி தெரியவில்லை. இரண்டாவது காட்சியில் நாயகி ஒரு மாடியில் நின்று பாடினாள்; நான் அவள் செருப்பைத்தான் பார்த்தேன். சத்தமும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. பால்கனிக்குக் கீழே ஆழமாக உட்கார்ந்தால் மேடைக்கு மேலே தொங்கும் ஸ்பீக்கர் உங்கள் கண்ணில் படாது; கண்ணில் படாத ஸ்பீக்கரின் தெளிவும் காதுக்கு வராது. மைக் செட்காரன் மகன் செய்யக்கூடாத தப்பு.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் வழி இது. அரங்கத்துக்குள் நுழைந்ததும் ஒலி கலக்கும் மேசை எங்கே என்று பார்க்கிறேன். கீழ்த்தளத்தின் பின்பகுதியில் நடுவாக, பொத்தான்களும் சின்ன விளக்குகளுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். மியூசிக்கலில் நடிகர்களின் மைக் கூந்தலுக்குள்ளோ நெற்றி ஓரத்திலோ ஒளிந்திருக்கும். யார் வாய் திறக்கும்போது யாருடைய மைக்கைத் திறப்பது என்று வரிக்கு வரி அந்த ஆள்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் தன் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் கலக்குவார். எனவே அவருக்கு முன்னால் இரண்டு மூன்று வரிசைக்குள் உட்கார்ந்தால் அவர் கேட்பதே உங்களுக்கும் கேட்கும். பெரும்பாலும் அந்த வரிசைகள் விலை உச்சத்தில் இருக்காது. அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். அவள் போன தடவை அந்த அரங்கத்தில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, மேசைக்கு முன்னால் இரண்டாவது வரிசையில் போட்டாள். ஆயிரத்து இருநூறு. ரெண்டாயிரம் ரூபாய்க்காரர்கள் எங்களுக்கு முன்னால் கழுத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முன்வரிசையை நான் சிபாரிசு செய்வதில்லை. மேடை உயரமாக இருக்கும், ஆடுகிறவர்களின் பாதம் தெரியாது. ஆட்டத்துக்குப் போய்ப் பாதத்தைப் பார்க்காமல் வருவதா? நடிகர் முகத்தின் சுருக்கம்கூடத் தெரிய வேண்டும் என்கிறவர்களுக்கு முன்வரிசை சரி. கூட்டமாக முப்பது பேர் வட்டமும் சதுரமுமாக மாறி மாறி ஆடும் காட்சிக்குக் கோலத்தைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். மும்பையில் நாங்கள் மேல் தளத்தில் இருந்தோம். முதலில் மச்சானுக்கு மனத்தாங்கல், ‘இவ்வளவு தூரம் வந்து மாடியா’ என்று. விளக்கு அணைந்து பத்து நிமிடத்தில் சமாதானமாகிவிட்டார். ஆனால் மேல் தளத்தின் முதல் வரிசையில் ஒரு சிக்கல் உண்டு: பாதுகாப்புக் கம்பி. உயரமானவருக்கு ஒன்றுமில்லை, பத்து வயதுப் பிள்ளைக்குக் கம்பி சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். பிள்ளைகளோடு போனால் இரண்டாவது மூன்றாவது வரிசை போதும்.

நாடகத்துக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் சிமென்ட் மேடையே கட்டி வைத்திருக்கிறார்கள், ஆள் உயரத்துக்குப் பக்கமாக. ஒட்டி உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும். இருபது அடி தள்ளி, ஆர்மோனியம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். ஏனென்றால் பாதி நகைச்சுவை பபூனுக்கும் ஆர்மோனியக்காரருக்கும் நடுவில்தான் நடக்கும். அவர் முகம் தெரியாவிட்டால் யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியாது.

பாட்டு புரிகிறதா

கூத்துப் பாட்டு சேலத்துக்காரனான எனக்கே பாதிதான் புரிகிறது. இழுத்துப் பாடுவதிலும் பின்பாட்டு மேலே விழுவதிலும் சொல் கரைந்துவிடும். ஆனால் கதை தெரியும். பொன்னுருவி கர்ணனை ஏன் மதிக்கவில்லை, குந்தி ஏன் கடைசியில்தான் வந்து அழுகிறாள் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் தெரியும், பேத்திக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குக் கட்டியங்காரன் வசனத்தில் இன்னொரு தடவை சொல்லிவிடுவான், கூடவே ஊர்த் தலைவரையும் ஒரு குத்து குத்திவிட்டு.

மியூசிக்கலில் அந்தக் கட்டியங்காரன் இல்லை. பாட்டிலேயே கதை நகரும். ஒரு பாட்டைத் தவறவிட்டால் அடுத்த காட்சியில் இருவரும் ஏன் கோபமாக இருக்கிறார்கள் என்று தெரியாது. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்களுக்கும் ஆறு பேர் சேர்ந்து பாடுகிற ஆங்கிலம் பிடிபடாது. போவதற்கு ஒரு வாரம் முன்னால் பாட்டுகளை இரண்டு தடவை கேட்டுவிடுங்கள். நான் பைக்கில் ஆபீஸ் போகும்போது கேட்டுக்கொண்டே போனேன். கதை முடிவு தெரிந்துவிடுமே என்று அக்கா மகள் பதறினாள். வள்ளிக்கு முருகனோடுதான் கல்யாணம் என்பது தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்?

சொல் தெளிவு என்று பார்த்தால் மூன்றிலும் நாடகத்துக்கே என் ஓட்டு. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கம் இரண்டு மணிவாக்கில் வரும். அவர் ஒரு கேள்வி, அந்தம்மா பாட்டில் ஒரு பதில். எழுதி வைத்தது கொஞ்சம், அந்த நேரத்தில் கிளம்புவது மீதி. நான் பார்த்த அன்று நாரதர் ஒரு கேள்வியில் திணறி, தம்புராவைச் சரிசெய்கிற பாவனையில் நேரம் கடத்தினார். “சாமி, கயிறு அறுந்துபோச்சா, யோசனை அறுந்துபோச்சா?” என்று வள்ளி கேட்டதும் கூட்டம் எழுந்து நின்றது. இந்த மாதிரி ஒன்று மும்பை அரங்கில் நடக்க வழியில்லை. அங்கே ஒவ்வொரு விளக்கும் எந்த வரியில் எரிய வேண்டும் என்று முன்னமே எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் அழகு வேறு: மலைமுகடு ஒன்று மேடையிலிருந்து நழுவிப் போய், அதே மூச்சில் ஒரு மாளிகைக் கூடம் வந்து நிற்கும்போது, நாலு பேர் சேர்ந்து சீன் துணியைச் சுருட்டிப் பார்த்து வளர்ந்த எனக்கு வாய் பிளந்துதான் போயிற்று.

சில்லறைச் சங்கதிகள்

சாப்பாட்டில் கூத்து ஜெயித்துவிட்டது, பேச்சே வேண்டாம். களத்தோரம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட், சுக்குக் காபி, வேர்க்கடலை. அரங்கத்துக்குள் தண்ணீர் பாட்டிலுக்கே யோசிக்க வேண்டும். கழிப்பறையில் அரங்கம் ஜெயித்துவிட்டது, அதற்கும் பேச்சு வேண்டாம். பெண்களை அழைத்துப் போகிறவர்கள் கூத்து ஊரில் தெரிந்த வீடு ஒன்று இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்துக்குப் போவது. பெங்களூர் ஜே.பி. நகரில் இருக்கும் ரங்க சங்கரா, 2004-இல் திறந்தது, சுமார் முந்நூறு இருக்கைதான். தாமதமாக வந்தால் உள்ளே விடவே மாட்டார்கள். வழியில் தொப்பூர் கணவாயில் லாரி நின்றுவிட்டது என்ற காரணம் அங்கே எடுபடாது. பெரிய அரங்கங்களில் ஒரு பாட்டு முடியும்வரை வாசலில் நிறுத்திவைத்து, இருட்டில் கூட்டிப்போய் உட்காரவைப்பார்கள். சேலத்திலிருந்து போகிறவர்கள் மதியமே ஊர் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். கூத்தில் பன்னிரண்டு மணிக்கு வந்தாலும் “வாங்க வாங்க, இப்பத்தான் திரை வருது” என்பார்கள்.

ஏற்காடு கோடை விழா மேடையையும் இதில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். மே மாதம், மலைக்காற்று, கட்டணமில்லை. ஆனால் பாதிக் கூட்டம் மலர்க்கண்காட்சிக்கு வந்தது, ஐஸ்கிரீமோடு நடந்துகொண்டே இருக்கும். பாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் மழை வரும், இல்லையென்றால் இருபது கொண்டை ஊசி வளைவை இறங்கும் பஸ்ஸை நினைத்துக் கால் பரபரக்கும். அதை ஆட்டம் பார்த்த கணக்கில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

யாரோடு போகிறீர்கள்

முட்டிவலி உள்ள அம்மாவோடு என்றால் அரங்கம்தான், நடைபாதை ஓரச் சீட்டாகப் பார்த்து எடுங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு என்றால் கூத்து: தூக்கம் வந்தால் மடியில் தூங்கும், யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கமாட்டார்கள். பேச்சுச் சாமர்த்தியத்தை ரசிக்கிற நண்பர்களோடு என்றால் வள்ளி திருமணம். ஒரே ஒரு தடவை செலவு செய்து ஒரு பெரிய மியூசிக்கல் பார்க்கத்தான் வேண்டும் என்றால், மும்பைக்கு மலிவான மேல் தளச் சீட்டு, சென்னை, பெங்களூரில் ஒலி மேசைக்கு முன்னால் இருக்கிற வரிசை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது எது என்று அக்கா மகள் கேட்டாள். மூன்று மணிக்குக் கிடைக்கிற முன்வரிசை என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

திரும்பி வரும் ஏற்பாட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். பெங்களூரில் ஆட்டம் முடிந்ததும் இரவு பஸ்ஸைப் பிடித்தால் விடிகிறபோது சேலம். கூத்துக்குப் போனால் காலை முதல் டவுன் பஸ்தான் வழி. சொந்த வண்டி வேண்டாம், தூக்கக் கண்ணோடு ஓட்டக்கூடாது. நான் ஏறிய பஸ்ஸில் கூத்துக்காரர்கள் நாலு பேரும் ஏறினார்கள், பெட்டிகளைப் பின்சீட்டில் அடுக்கிவிட்டு. பொன்னுருவி வேஷம் கட்டியவர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார். முகத்தை நன்றாகக் கழுவியிருந்தார், ஆனால் கண்மை போகவில்லை, காதோரம் ரோஸ் பவுடர் ஒட்டியிருந்தது. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை அல்லவா. கண்டக்டர் அவரை ஒரு தடவை பார்த்தார், கண்மையை இன்னொரு தடவை பார்த்தார்.

“என்னங்கண்ணா, பொன்னுருவிக்கு டிக்கெட் கிழிக்கறதா, விட்டுடறதா?”

பஸ்ஸே சிரித்தது. அவர் மடியிலிருந்து பத்து ரூபாயை எடுத்து நீட்டினார். “கிழிங்க கண்ணு, சேலையக் கழட்டி ஒரு மணி நேரமாச்சு.”